ஆமை முட்டையைக் கோழிக்கு அடை வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

காலபோகத்துக்கு, அதாவது மாரிமழை நெற்செய்கைக்கு, நிலம் பண்படுத்தத் தொடங்கினால் வன்னியில் இது ஆண்டுதோறும் நடக்கிறது. உழவு மிசின் வரம்போரத்தைப் புரட்டும்போது, அல்லது பெக்கோ என்ற மண் தோண்டும் மிசின் ஒரு பழைய புற்றைச் சரிக்கும்போது, மண்ணோடு மண்ணாக வெள்ளை முட்டைகள் உருண்டு வெளியே வரும். சிலர் நசித்துவிட்டுப் போவார்கள். பலருக்கு மனம் கேளாது. சாரத்தில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய், அடைகிடக்கிற கோழிக்குக் கீழே நாலைந்தைச் செருகுவார்கள். கோழி இல்லாதவர்கள் உமி நிரப்பிய பெட்டியில் புதைத்துத் தகரக் கூரைக்குக் கீழே வைப்பார்கள். இரண்டு மூன்று கிழமையில் முட்டை நாறும். "கூழ்முட்டை போல, கரு இருந்திருக்காது" என்று சொல்லி எறிந்துவிடுவார்கள்.

கரு இருந்தது. காப்பாற்ற நினைத்த கைகளாலேயே அது செத்தது. இதைப் பழி சொல்வதற்காக எழுதவில்லை. கோழியை வைத்துப் பழகிய கைக்கு வேறு எப்படித் தெரியும்? ஆனால் கோழி முட்டைக்கு உயிர் கொடுக்கிற மூன்று காரியங்களும் ஊர்வனவற்றின் முட்டையைக் கொல்லுகிற காரியங்கள் என்பதை ஊருக்கு யாராவது சொல்லியாக வேண்டும்.

முதலாவது சூடு. அடைகோழியின் கீழ் முட்டைக்குக் கிடைப்பது ஏறக்குறைய 37.5 பாகை செல்சியஸ். நட்சத்திர ஆமை, உடும்பு, ஓணான், முதலை ஆகியவற்றின் முட்டைகள் மண்ணுக்குள் நன்றாக வளர்வது பெரும்பாலும் 28 முதல் 32 பாகை வரையில். 34 பாகைக்கு மேல் நாட்கணக்கில் இருந்தால் கரு கோணலாகும் அல்லது சாகும். தகரக் கூரையின் கீழ் மத்தியான வெயிலில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது ஈரம். உமி முட்டையைச் சுற்றியுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரமான தவிட்டில் வைத்தால் அது புளித்துத் தானே சூடாகும், பூஞ்சணமும் பிடிக்கும்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது: புரட்டுதல். கோழி தன் முட்டையை ஒரு நாளில் பலமுறை அலகால் புரட்டும். புரட்டாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொண்டு கெட்டுவிடும். கோழி முட்டையை உடைத்தால் மஞ்சட்கருவின் இரு பக்கமும் முறுக்கிய வெள்ளை நூல்போல ஒன்று தெரியுமே, அதுதான் மஞ்சட்கருவை நடுவில் தாங்கி நிற்பது. முட்டை எப்படிப் புரண்டாலும் கரு மேலே மிதந்து நிற்க அது விடும். ஊர்வனவற்றின் முட்டையில் அந்த நூல் இல்லை. முட்டை இட்ட சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் கரு மேல்முகத்து ஓட்டின் உட்சவ்வில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆமை முட்டையிலும் முதலை முட்டையிலும் அந்த இடத்தில் சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல ஒரு வெண்மை தெரியத் தொடங்கி நாளாக ஆகப் பரவும். கரு அங்கே ஒட்டிக்கொண்டது என்பதற்கு அதுவே அடையாளம். அதற்குப் பிறகு முட்டையைக் கவிழ்த்தால் சவ்வு பிய்யும், அல்லது மஞ்சட்கருவின் பாரம் கருவின் மேல் இறங்கி அதை நசிக்கும். வெளியே ஓடு பழுதில்லாமல் இருக்கும். ஆகவே கவிழ்த்தவருக்குத் தான் செய்தது தெரியவே தெரியாது.

இவ்வளவும் எப்படித் தெரியவந்தது என்று கேட்பவர்களுக்காக, எங்கள் நாட்டில் இல்லாத ஒரு பிராணியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. காட்டில் புதைந்த முட்டையைப் பார்த்துக் கற்பது கடினம். கூண்டில் வைத்து வளர்த்தவர்களே பிழைவிட்டுப் பிழைவிட்டுக் கற்றார்கள். அமெரிக்காவின் தென்மேற்கிலும் மெக்சிக்கோவின் வடமேற்கிலும் உள்ள பாலைவனப் பாறைகளில் சக்வாலா என்ற பல்லியினம் வாழ்கிறது. தடித்த உடல், தளர்ந்த தோல், நீளம் வாலோடு ஒன்றேகால் அடி அளவில். இலையும் பூவும்தான் அதன் உணவு. எதிரி வந்தால் பாறை வெடிப்புக்குள் நுழைந்து காற்றை இழுத்து உடலை ஊதிக்கொள்ளும், பிறகு அதை இழுத்து எடுக்க முடியாது. வெயில் காய்ந்து உடலை 38 பாகை அளவுக்குச் சூடேற்றிக்கொள்ளுகிற பிராணி அது. வளர்ப்பவர்கள் வெயில்காயும் கல்லின் மேல் இன்னும் அதிக சூடு வரும்படி விளக்கைக் கட்டுவார்கள். இப்படிப்பட்ட பிராணியின் முட்டைக்கும் அதே சூடு வேண்டும் என்று நினைப்பது இயல்பு. அது பெரும் பிழை. தாய் தன் முட்டையை வெயிலுக்குக் காட்டுவதே இல்லை. ஈரம் கிட்டும் ஆழத்துக்குத் தோண்டி, 5 முதல் 16 வரையான முட்டைகளை இட்டு மூடிவிடும். ஜூனிலிருந்து ஓகஸ்ட் வரை இட்ட முட்டைகளிலிருந்து செப்ரெம்பர் கடைசியை ஒட்டிக் குஞ்சுகள் வெளிவரும்.

கூண்டில் அதை இனம்பெருக்க முதலில் வேண்டியது குளிர்கால ஓய்வு. இரண்டு மூன்று மாதம் வெளிச்சத்தையும் சூட்டையும் படிப்படியாகக் குறைத்து, பிறகு திரும்ப ஏற்றினால்தான் அவை இணையத் தொடங்கும். ஒரு கூண்டில் ஒரு ஆண்தான் இருக்க வேண்டும். இரண்டு வளர்ந்த ஆண்களை விட்டால் கடிபட்டுச் சாகும். சினைப்பட்ட பெண்ணின் விலாவில் முட்டைகள் கட்டிகட்டியாகத் தெரியத் தொடங்கும்போது அது சாப்பாட்டைக் குறைக்கும், கூண்டின் மூலைகளைச் சுரண்டும். அந்தச் சுரண்டலைக் கண்டபிறகு கூட்டைத் தேடினால் பிந்திவிடும். அதற்கு முன்பே 30 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மண்ணும் மணலும் கலந்து நிரப்பிய ஒரு பெட்டி உள்ளே இருக்க வேண்டும். மேலே ஒரு மூலையில் தட்டையான கல்லைச் சாய்த்து வைத்தால் அந்தக் கல்லின் கீழிருந்தே தோண்டத் தொடங்கும். திறந்த வெளியில் தோண்ட அதற்குப் பயம்.

இந்தப் பெட்டியில் பிழை நேருகிற இடங்கள் மூன்று. மண் காய்ந்திருந்தால் தோண்டத் தோண்டச் சரிந்து விழும், பல்லி கைவிட்டுவிடும். ஆழம் போதாவிட்டால் நகம் அடித்தட்டில் முட்டும், அப்போதும் கைவிடும். வேறு பல்லிகள் வந்து குறுக்கிட்டால் குழியை மூடாமலே ஓடிவிடும். பிடித்த இடம் கிடைக்காத பெண் முட்டையை உள்ளேயே வைத்துக்கொண்டு இறுகிச் சாவதுண்டு. அல்லது கூண்டுத் தரையில் அங்கொன்று இங்கொன்றாக உதிர்த்துவிடும். அந்த முட்டை வெறும் வெளியில் சில மணி நேரத்திலேயே குழி விழுந்து காய்ந்துபோகும். நல்லபடி இட்டுவிட்டால் இடுப்பெலும்பு துருத்தி, விலா ஒட்டிப்போய் நிற்கும். உடனே தண்ணீரும், சுண்ணச்சத்து தூவிய கீரையும் கொடுக்க வேண்டும். முட்டைகளை இட்ட நிலையிலேயே, மேல்முகத்தைப் பென்சிலால் குறித்து எடுத்து, நெற்பொரிபோலச் சூட்டில் பொரிந்த வெர்மிகுலைட் என்ற கனிமத் துகளில் பாதி புதைத்து, 30 பாகையை ஒட்டிய சூட்டில் அசையாமல் வைப்பார்கள். துகளின் நிறைக்குச் சமமாக அல்லது அதைவிடக் குறைவாகத்தான் தண்ணீர் கலப்பார்கள்.

சக்வாலாவை இங்கே கொண்டுவந்து வளர்க்கச் சொல்லி இதை எழுதவில்லை. ஈரமான ஆழம், மட்டான சூடு, அசையாத மேல்முகம்: பாலைவனப் பல்லிக்கே இது மூன்றும் வேண்டுமென்றால் இரணைமடுக் குளத்தோரத்துப் பாலாமை என்ற நன்னீர் ஆமைக்கும் வவுனிக்குளத்து உடும்புக்கும் வேண்டாமா?

இனி எங்கள் மண்ணுக்கு வருவோம். முட்டையைக் கண்டால் எதன் முட்டை என்று பார்ப்பது முதல் வேலை. கையால் அல்ல, கண்ணால். ஒன்றோடொன்று ஒட்டிக் குலையாக இருக்கும் மென்தோல் முட்டைகளைப் பாம்பு முட்டை என்றே எடுத்துக்கொண்டு விலகிவிடுங்கள். சாரையும் வெங்கிணாந்தி என்ற மலைப்பாம்பும் நாகமும் முட்டையிடுபவை. நாகம் புற்றில் முட்டையிட்டு அருகிலேயே காவல் கிடப்பதுண்டு. வெங்கிணாந்தி முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு கிடக்கும். தோல்போல மெத்தென்று, தனித்தனியாக, இருபது வரையில் இருந்தால் உடும்பாக இருக்கலாம். புற்றுக்குள் முட்டையிடுவது அதற்கு விருப்பம். சுண்டுவிரல் நுனியளவு சிறிய, மென்தோல் முட்டைகள் பத்துப் பன்னிரண்டு, நாலு விரற்கடை ஆழத்திலேயே கிடந்தால் ஓணான். கட்டியான ஓட்டோடு, நீள்வட்டமாக, சில முட்டைகள் மட்டும் ஒரு சாண் ஆழத்துக்குள் இருந்து, மேலே மண் சேறு பூசிக் காய்ந்ததுபோல அடைபட்டிருந்தால் நட்சத்திர ஆமையாக இருக்கும். மண் கடினமென்றால் அது தன் நீரை விட்டு நனைத்துப் பின்காலால் தோண்டும், அந்தச் சேற்றாலேயே மூடும். குளத்தோரத்தில் உருண்டையான கட்டி ஓட்டு முட்டை பாலாமையினுடையது. முதலைக் கூட்டருகே போகவே கூடாது, தாய் பக்கத்தில்தான் இருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை வன்னிக்கே உரியது. கண்ணிவெடி அகற்றி முடித்ததாக அறிவிக்கப்படாத காணியில் எந்த முட்டைக்காகவும் அலவாங்கு போடாதீர்கள், புற்றைத் தட்டாதீர்கள். உயிர் முதலில்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வனவிலங்குகளோடு அவற்றின் முட்டைகளையும் காக்கிறது. நட்சத்திர ஆமை 2019ஆம் ஆண்டு முதல் அனைத்துலக வணிகத் தடைப் பட்டியலின் முதலாம் அட்டவணையில் இருக்கிறது. வீட்டில் வைத்துப் பொரிக்க வைப்பது, குஞ்சை வளர்ப்பது, விற்பது எதுவும் எங்கள் வேலை அல்ல. கண்டவுடன் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அருகிலுள்ள அலுவலகத்துக்கு அறிவியுங்கள். அவர்கள் வரும்வரை என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதற்குத்தான் மிகுதி எழுதுகிறோம்.

கூடு சிதையாமல், ஒன்றிரண்டு முட்டை மட்டும் வெளியே தெரிந்தால் மிகச் சிறந்த உதவி, எடுத்த மண்ணையே திரும்ப மூடிவிடுவது. காலால் மிதிக்காமல் உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். சுற்றிலும் ஒரு மீற்றர் விட்டு நாலு தடி நாட்டி, மிசின்காரருக்குத் தெரியும்படி யூரியாப் பையின் ஒரு துண்டைக் கட்டுங்கள். அந்தச் சதுரத்தை உழாமல் விட்டால் நெல்லில் எவ்வளவு குறைந்துவிடும்? நாயும் பன்றியும் கீரியும் கிண்டாமல் இருக்க இலந்தை முள்ளை மேலே போடலாம். கம்பிவலை போட்டால் கண் 5 சென்ரிமீற்றராவது இருக்கட்டும், இல்லாவிட்டால் பொரித்த குஞ்சே உள்ளே சிக்கிச் செத்துப்போகும். வலையின் ஓரம் கூட்டிலிருந்து ஒரு முழம் தள்ளியிருந்தால்தான் கீரி பக்கவாட்டில் தோண்டி எட்டாது. வைக்கோல் எரிக்கிற வயலென்றால் அந்த இடத்தைச் சுற்றி முதலிலேயே செதுக்கிவிடுங்கள். மேலோட்டமான கூடு நெருப்பில் தப்பாது.

வயலுக்குத் தண்ணீர் கட்டப்போகிறார்கள், கூடு பள்ளத்தில் இருக்கிறது என்றால் மூடி வைத்துப் பயனில்லை. ஓட்டின் நுண்துளைகள் வழியே கரு மூச்சு விடுகிறது. நீரில் மூழ்கினால் மூச்சடைத்துவிடும். அப்படிப்பட்ட நேரத்தில் திணைக்களத்தாரைத் தொலைபேசியில் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் மட்டும், இப்படி மாற்றலாம். காலையிலோ மாலையிலோ செய்யுங்கள், உச்சி வெயிலில் வேண்டாம். மேலிருந்து மண்வெட்டி போடாமல், ஒரு சாண் தள்ளிப் பக்கவாட்டில் குழி வெட்டி, கையால் மண்ணை உதிர்த்து முட்டையை நெருங்குங்கள். ஒவ்வொரு முட்டையையும் தூக்குவதற்கு முன்பே, கிடந்த கிடையில், மேல்முகத்தில் மென்மையான பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். மார்க்கர் பேனாவின் மருந்து ஓட்டுக்குள் ஊறும், அது வேண்டாம். வாளியில் நாலு விரற்கடை உயரத்துக்கு அதே கூட்டு மண்ணைப் போட்டு, கோடு மேலே பார்க்கும்படி முட்டைகளை வைத்து, மேலும் மண்ணால் மூடுங்கள். கழுவக்கூடாது, துடைக்கவும் கூடாது. மோட்டார் சைக்கிளில் வைத்துக் குலுக்கிக்கொண்டு போகாமல் கையில் தூக்கிக்கொண்டு நடந்து போங்கள். ஒட்டிப்போன முட்டைகளைப் பிரிக்காதீர்கள். அது பாம்பு முட்டை என்றால் அதற்கென்று வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

புதிய குழி பழைய கூட்டிலிருந்து நூறடிக்குள், தண்ணீர் நிற்காத மேட்டில் இருக்க வேண்டும். பழைய ஆழத்தை ஒரு தடியால் அளந்து, அதே ஆழத்துக்குத் தோண்டுங்கள். நாள் முழுக்க வெயிலும் வேண்டாம், மருதமரத்தின் அடர்ந்த நிழலும் வேண்டாம். காலை வெயில் விழுந்து மத்தியானம் நிழல் வருகிற இடம் நல்லது. நட்சத்திர ஆமைக்கும் முதலைக்கும் மண்ணின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. நட்சத்திர ஆமையில் குளிர்ந்த மண் ஆணைத் தரும், சூடான மண் பெண்ணைத் தரும். நிழலில் வசதியாக இருக்கட்டும் என்று எல்லாக் கூட்டையும் நிழலுக்கு மாற்றினால் ஒரு காட்டில் ஆண் ஆமைகளே மிஞ்சும்.

ஈரத்துக்குக் கருவி தேவையில்லை. ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். விரலிடுக்கில் தண்ணீர் வந்தால் கூடிப்போயிற்று. கையை விரித்ததும் உதிர்ந்தால் குறைவு. உருண்டையாக நின்று, விரலால் குத்தியதும் இரண்டாகப் பிளந்தால் அதுதான் பதம். உடும்பு, ஓணான் முட்டைகளின் தோல் நீரை உறிஞ்சி நாளாக நாளாகப் பெருக்கும். பெருத்திருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். மாறாக, தோலில் பெருவிரலால் அமுக்கினதுபோலக் குழி விழுந்திருந்தால் அது தாகம். அப்போதும் முட்டையின் மேல் தண்ணீர் ஊற்றாமல் சுற்றியுள்ள மண்ணை மட்டும் நனைத்தால், குழி சிறிதென்றால் ஒன்றிரண்டு நாளில் நிமிர்ந்துவிடும். ஆமையின் கட்டி ஓட்டு முட்டைக்கு இது பொருந்தாது. அது ஈரத்தைப் பெரிதாக உறிஞ்சுவதில்லை. அதற்குச் சேறுபோல ஈரம் கொடுத்தால் ஓடு வெடிக்கும், பூஞ்சணம் ஏறும்.

பிறகு தோண்டித் தோண்டிப் பார்க்காதீர்கள். கோழி இருபத்தொரு நாளில் பொரிக்கும் என்ற கணக்கு இங்கே இல்லை. ஓணான் ஆறேழு கிழமையில் வந்துவிடும். நட்சத்திர ஆமையும் பாலாமையும் உடும்பும் மாதக்கணக்கில் எடுக்கும். இருபத்தைந்தாம் நாளில் "ஒன்றும் வரவில்லை" என்று கிண்டியே கெட்ட கூடுகள் அநேகம். குஞ்சு ஓட்டைக் கீறி மூக்கை நீட்டியபின்பும் ஒருநாள் இரண்டுநாள் அப்படியே கிடக்கும். வயிற்றோடு இருக்கிற மிச்ச மஞ்சட்கரு உள்ளே இழுபடும் நேரம் அது. உதவி செய்வதாக நினைத்து ஓட்டை உரித்தால் அந்தப் பை கிழிந்து குஞ்சு சாகும். தானே வெளிவந்து மண்ணைக் கிளறி ஏறும். முள்ளையும் வலையையும் அகற்றி வழிவிட்டால் போதும். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சோறும் பாலும் கொடுப்பது வேண்டாம்.

ஆசிரியரிடம் எங்கள் வேண்டுகோள் இரண்டு. விவசாயப் பக்கத்தில் உரம், விதைநெல் பற்றிய அறிவித்தல்களோடு, ஓகஸ்ட் மாதத்திலேயே, இந்த முட்டைக் குறிப்பைச் சுருக்கி ஒரு பெட்டியாகப் போடுங்கள். கலப்பை இறங்கியபின் போட்டால் பயனில்லை. மற்றது, கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் காலபோகக் கூட்டங்கள் நடக்கும்போது விதைப்புத் திகதியும் தண்ணீர் திறக்கும் திகதியும் தீர்மானிக்கிறார்கள். கமக்காரர் அமைப்புகளின் தலைவர்களும் கமநல சேவை நிலைய அலுவலர்களும் ஒரே மண்டபத்தில் இருக்கிற நேரம் அது. வனஜீவராசிகள் அலுவலர் ஒருவரை அங்கே அழைத்து, கூடு கண்டால் யாருக்கு அறிவிப்பது, எந்த இலக்கத்துக்கு அழைப்பது, தண்ணீர் வருவதற்கு எத்தனை நாளுக்கு முன் வரம்போரத்தைப் பார்த்து முடிப்பது என்பதைக் கூட்டக் குறிப்பில் எழுத்தில் சேர்த்துவிட்டால், மிசின்காரர்களும் பெக்கோ ஓட்டுநர்களும் அதைக் கேட்டு நடப்பார்கள்.

இப்படிக்கு,
ஊர்வன ஆர்வலர்கள் சிலர்,
மாங்குளம்.